ஆயிரங்காலத்துப் பயிரும் ஒரு பெண்ணின் சம்மதமும்

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அம்மையார் அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, பொன்னாடை போர்த்திப் பெருமைப்படுத்திய இலக்கிய மன்றச் செயலாளர் அவர்களே, வாழ்த்துரை வழங்கிய தலைமையாசிரியர் ஐயா அவர்களே, இடமில்லாமல் நின்றுகொண்டே கேட்கும் ஆங்கிலத் துறை மாணவிகளே, எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

'இடைக்கால ஆங்கில இலக்கியத்தில் பெண்ணும் திருமணமும்' என்பது எனக்குத் தந்த தலைப்பு. 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசர் படைத்த பாத் நகரத்துப் பெண், பொறுமைசாலி கிரிசெல்டா, பாஸ்டன் குடும்பத்துக் கடிதங்கள் என மூன்று பகுதியாகப் பேச வந்திருக்கிறேன். திருமணம் ஆயிரங்காலத்துப் பயிர் என்கிறோம். அந்தப் பயிரை யாரைக் கேட்டு நட்டார்கள்? மூன்றிலும் என் கேள்வி அதுதான்.

சாசரின் 'காண்டர்பரி கதைகள்' என்ற கதைத் தொகுப்பில் வரும் அந்தப் பாத் நகரத்துப் பெண் அலிசனுக்கு முதல் கல்யாணம் 12 வயதில். அன்றைய திருச்சபைச் சட்டத்துக்கு அந்த வயது போதும். ஐந்தாவது கணவன் ஜான்கின், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவன். பொல்லாத மனைவிமார் கதைகளைத் தொகுத்த புத்தகம் ஒன்றைக் கணப்பருகே உட்கார்ந்து இரவெல்லாம் அவளுக்கு வாசித்துக் காட்டுவான். பொறுத்துப் பார்த்தவள் மூன்று தாளைக் கிழித்தெறிந்து கன்னத்தில் ஒன்று வைத்தாள். அவன் திருப்பிக் குத்தியதில் ஒரு காது செவிடாயிற்று. சிங்கம் தோற்பதாகப் படம் வரைந்தது யார், மனிதன்தானே என்று அவள் கேட்கிறாள். பெண்களே கதை எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பார்கள் என்பது அதன் பொருள்.

அதே தொகுப்பில் வரும் கிரிசெல்டாவை விரித்துரைக்க நேரமில்லை. பெற்ற பிள்ளைகளைக் கணவன் பறித்தபோதும் மறுத்துப் பேசாதவள். அவளை உத்தமி என்று கொண்டாட என்னால் முடியாது.

கடிதங்களுக்கு வருகிறேன். இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் நிலபுலன் உள்ள குடும்பம் பாஸ்டன் குடும்பம். அந்த வீட்டுப் பெண் எலிசபெத், வயதில் மூத்த ஒருவரைக் கட்டிக்கொள்ள மறுத்ததற்காக 1449 வாக்கில் தாயிடம் வாரம் ஒருமுறை இருமுறை அடிபட்டாள், தலை இரண்டு மூன்று இடத்தில் உடைந்தது என்று உறவுக்காரப் பெண்ணே எழுதியிருக்கிறார்.

இருபது ஆண்டு கழித்து அதே குடும்பத்தில் மார்ஜரி. தங்கள் பண்ணையைக் கவனித்த காரியஸ்தர் ரிச்சர்ட் கால்லுக்கு ரகசியமாக வாக்குக் கொடுத்துவிட்டாள். பாதிரியார் இல்லாமலே, இருவர் மனமொத்துச் சொன்ன சொல்லே திருமணம் என்பது அன்றைய சட்டம். வீட்டில் பூகம்பம். என் தங்கையை ஃப்ராம்லிங்கம் ஊரில் கடைக்காரி போல மெழுகுவத்தியும் கடுகும் விற்க விடமாட்டேன் என்கிறான் அண்ணன். இருவரையும் பிரித்து வைத்தார்கள். உன்னோடு பேசி ஆயிரம் ஆண்டு ஆனதுபோல் இருக்கிறது என்று ரிச்சர்ட் எழுதுகிறார். ஆயிரங்காலம், கவனியுங்கள்! படித்ததும் எரித்துவிடு என்றார். கடிதம் இன்றும் இருக்கிறது.

1469இல் நாரிச் நகரத்து ஆயர், அதாவது பிஷப், மார்ஜரியை அழைத்தார். உற்றார் உறவை எண்ணிப் பார் என்று எடுத்துச் சொல்லிவிட்டு, நீ சொன்ன சொல் என்ன என்று கேட்டார். அவள் சொன்னாள். இது உறுதி இல்லையென்றால், இங்கிருந்து போகும் முன்பே இன்னும் உறுதியாகச் சொல்கிறேன் என்றாள்! பிறகு ரிச்சர்டைத் தனியே விசாரித்தார். திருமணம் செல்லும் என்று ஆயிற்று. தாய் மட்டும் வாசலை அடைத்துவிட்டாள். ஆனால் அதே தாய் 1482இல் எழுதிய உயிலில் மார்ஜரியின் மூத்த மகனுக்கு 20 பவுண்டு ஒதுக்கியிருக்கிறாள்.

தாய்மார்களே, அந்த ஆயர் கேட்டாரே, அதை நாம் கேட்கிறோமா? ஜாதகம் பார்க்கிறோம், மண்டபம் பார்க்கிறோம். ஆயிரங்காலத்துப் பயிர் என்கிறோம், அந்தப் பெண்ணைத் தனியே உட்காரவைத்து ஒரு வார்த்தை கேட்பதில்லை. தட்டு மாற்றும் முன்பு, பெரியவர்கள் யாரும் பக்கத்தில் இல்லாமல், அவளுக்குப் பிடித்த ஒருவர் கேட்கட்டும். வேண்டாம் என்றால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். இப்படிச் செய்வோம் என்று கையெழுத்திடும் உறுதிமொழித் தாளைத்தான் ஊர் ஊராகக் கொண்டுபோகிறோம். முதல்வர் அம்மையார் முதல் கையெழுத்தைப் போட இசைந்திருக்கிறார். வாசலில் மேசை போட்டிருக்கிறது. பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் மட்டுமல்ல, மருமகள் தேடுகிறவர்களும் கையெழுத்திட வேண்டும்.

நன்றி, வணக்கம்.