செயலியில் நம் கடைச் சாப்பாட்டின் படம்: அஞ்சடி வெளிச்சமே போதும்

வணக்கம், நேயர்களே. மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்துப் பந்திங் பட்டணத்தில், கடைவீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு தெருவிலிருந்து இன்று உங்களோடு பேசுகிறேன். கேரித் தீவுப் பக்கமும் மோரிப் போகும் வழியிலும் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த இந்த வட்டாரத்தில், நம்மவர்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடைகளின் கைப்பக்குவத்தை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்பதில்லை. ஆனால் அதே கடைகளை கிராப்ஃபுட், ஃபுட்பாண்டா போன்ற உணவு விநியோகச் செயலிகளில் திறந்து பார்த்தால் மனம் வருந்துகிறது. பல உணவுகளுக்குப் படமே இல்லை. இருக்கும் படங்களில் ஆட்டிறைச்சிப் பிரட்டல் வெறும் கறுப்புத் திட்டாகவும், வெள்ளைச் சோறு மஞ்சள் பாய்ந்தும் தெரிகின்றன. கடைக்கு நேரில் வருகிறவரை வாசனை அழைக்கும், தெரிந்த முகம் அழைக்கும். செயலியில் தேடுகிறவருக்கு ஒரு சிறிய சதுரப் படத்தைத் தவிர வேறு எதுவும் கிடைப்பதில்லை. அந்தப் படத்தைக் கையில் இருக்கும் தொலைபேசியைக் கொண்டே ஒழுங்காக எடுக்க முடியும் என்பதை இன்று விளக்க விரும்புகிறேன்.

நல்ல உணவுப் படத்தின் பெரும்பகுதி வெளிச்சத்தில்தான் இருக்கிறது. கடைக்குள்ளே பொதுவாக இரண்டு மூன்று வகை விளக்குகள் கலந்து எரிகின்றன. ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள்; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். கல்லாப் பக்கத்து மஞ்சள் பல்பின் ஒளி ஏறத்தாழ 2700 முதல் 3000 கெல்வின் வரை இருக்கும். வாசலிலிருந்து வரும் பகல் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின். இவற்றுக்கு நடுவே கூரையில் தொங்கும் குழல் விளக்கு சற்றே பச்சை சாயலைச் சேர்த்துவிடும். நம் கண் இவற்றையெல்லாம் சமன்செய்து பார்த்துக்கொள்கிறது. தொலைபேசியின் கேமரா ஏதேனும் ஒரு வெளிச்சத்துக்கு ஏற்பத்தான் வெண்மையைத் திருத்த முடியும் என்பதால், தட்டின் ஒரு பாதி மஞ்சளாகவும் மறு பாதி நீலமாகவும் விழுகிறது. பிறகு எந்தச் செயலியில் போட்டுத் திருத்தினாலும் ஒரு பக்கத்தைச் சரிசெய்தால் மறுபக்கம் கெடும். ஆகவே, ஒரே வகை வெளிச்சம் மட்டும் விழும் இடத்தைத் தேடுங்கள்.

அந்த இடம் உங்கள் கடை வாசலிலேயே இருக்கிறது. நாம் அஞ்சடி என்று சொல்கிறோமே, கடைக்கு முன்னால் தூண்களுக்கு உள்ளே இருக்கும் அந்த நடைபாதைதான். 1822இல் சிங்கப்பூர் நகரத் திட்டத்துக்காக பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் வகுத்த விதிகளில், ஒவ்வொரு கட்டடத்துக்கும் முன்னால் கூரையிட்ட நடைவழி இருக்க வேண்டும் என்பதும் ஒன்று. பின்னர் அந்த வழக்கம் மலாய்த் தீபகற்பத்தின் பட்டணங்களுக்கும் பரவியது. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க அமைத்த அந்தக் கூரை, உணவுப் படம் எடுப்பவருக்குப் பேருதவியாக அமைந்துவிட்டது. மேலிருந்து நேர் வெயில் விழாது. தெருவின் திறந்த வானத்திலிருந்தும் எதிர் வரிசைக் கடைகளின் சுவர்களிலிருந்தும் மென்மையான ஒளி ஒரே பக்கமாக உள்ளே வரும். பெரிய நகரத்துப் படப்பிடிப்புக் கூடங்களில் வெள்ளைத் துணி கட்டி, பெரிய விளக்கை அதன் பின்னால் வைத்து உண்டாக்கும் வெளிச்சமும் இந்த வகையைச் சேர்ந்ததுதான்.

கடை கிழக்கு நோக்கியிருந்தால் காலையில் வெயில் சாய்ந்து உள்ளே விழும்; பத்து மணிக்கு மேல் சூரியன் உயர்ந்த பிறகு படம் எடுங்கள். மேற்கு நோக்கியிருந்தால் காலை வேளையே உகந்தது. வடக்கோ தெற்கோ பார்த்த கடைகளுக்குப் பெரும்பாலும் நாள் முழுவதும் நல்ல வெளிச்சம் கிடைக்கும். பிற்பகலில் மேகம் மூடி மழைக்கு இருட்டிக்கொண்டு வரும் நேரத்தையும் வீணென்று நினைக்க வேண்டாம். மிகவும் இருளாத வரையில், மேகம் மூடிய வானத்து ஒளி உணவுக்கு மிக நன்றாகப் பொருந்தும்.

ஒன்றை மட்டும் மிகவும் வற்புறுத்திச் சொல்கிறேன். நம் கடைகள் பலவற்றின் முன்னால் நீல நிறத்திலோ சிவப்பு நிறத்திலோ கேன்வாஸ் பந்தல் இருக்கும். அதன் கீழே எடுத்த படத்தில் உணவு முழுவதும் அந்த நிறம் ஏறிவிடும். நீலப் பந்தலுக்குக் கீழே வைத்த மீன் கறி, எவ்வளவு புதிதாகச் சமைத்ததாக இருந்தாலும், பழையது போலத் தோன்றும். மேசையைப் பந்தலுக்கு வெளியே, அஞ்சடித் தூணின் உட்பக்கம் கொண்டுவாருங்கள். மேசைக்கு மேலே எரியும் விளக்கை அணைத்துவிடுங்கள்.

இனி, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழ வேண்டும் என்பதைப் பார்ப்போம். தெருவை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எடுத்தால் உணவு தட்டையாகத் தெரியும். தெரு உங்களுக்குப் பக்கவாட்டிலோ, உணவுக்குச் சற்றுப் பின்னாலோ இருக்கும்படி நில்லுங்கள். பிரட்டல், வறுவல், மீன் தலைக் கறி போன்ற அடர்ந்த நிறமுள்ள உணவுகளுக்கு இது இன்றியமையாதது. அவற்றின் மேலுள்ள எண்ணெயும் மசாலாவும் பின்னாலிருந்து சாய்ந்து வரும் ஒளியைக் கேமராவை நோக்கித் திருப்பும்போதுதான் அந்த மினுமினுப்பு தெரிகிறது. பார்ப்பவர் நாவில் நீர் ஊற வைப்பது அந்த மினுமினுப்பே. முன்பக்கம் நிழல் கறுத்துவிட்டால், எழுதுபொருள் கடையில் கிடைக்கும் வெள்ளை மணிலா அட்டை ஒன்றை, வெளிச்சம் வரும் பக்கத்துக்கு எதிரே நிறுத்தி வையுங்கள். நிழல் தெளிந்துவிடும். தொலைபேசியின் ஃபிளாஷை உணவுக்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அது எண்ணெயின் மேல் வெள்ளைப் புள்ளிகளை இட்டு, மற்ற எல்லாவற்றின் உருவத்தையும் அழித்துவிடும்.

வாழை இலைச் சாப்பாட்டைப் படமெடுக்கும்போது பலருக்கும் ஒரு குழப்பம் நேர்கிறது. கேமராவின் ஒளி அளவீடு, தான் காணும் காட்சி முழுவதும் நடுத்தரச் சாம்பல் அளவில் இருப்பதாக எண்ணிக் கணக்கிடுகிறது. ஆகையால் வெள்ளைச் சோறு நிறைந்த படத்தை அது தேவைக்கு மேல் இருட்டாக்கிச் சோற்றைச் சாம்பலாக்கும். கறுத்த பிரட்டல் நிறைந்த படத்தைத் தேவைக்கு மேல் வெளிச்சமாக்கி அதன் நிறத்தை வெளுக்கச் செய்யும். திரையில் உணவின் மீது விரலைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்துக் குவியத்தைப் பூட்டிவிட்டு, பெரும்பாலான தொலைபேசிகளில் பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை, சோறு என்றால் மேல்நோக்கியும் பிரட்டல் என்றால் கீழ்நோக்கியும் நகர்த்துங்கள். இந்த ஒரு பழக்கத்தினாலேயே உங்கள் படங்கள் பெரிதும் மாறும்.

குழம்பு வகைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. இறைச்சித் துண்டுகள் அடியில் மூழ்கி, மேலே குழம்பு மட்டுமே தெரியும். அமெரிக்காவில் கேம்பல் சூப் நிறுவனத்தின் விளம்பரத்தில், காய்கறிகள் மேலே தெரிய வேண்டும் என்பதற்காகக் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிக்குண்டுகளைப் போட்டுப் படமெடுத்தார்கள். அது மக்களைத் தவறாக எண்ண வைப்பது என்று அந்நாட்டுக் கூட்டரசு வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்து, 1970இல் அந்த முறையைக் கைவிடச் செய்தது. நமக்குக் கோலிக்குண்டு தேவையில்லை. ஆழமில்லாத அகன்ற கிண்ணத்தை எடுத்து, ஒருவருக்குக் கொடுக்கும் அதே எண்ணிக்கைத் துண்டுகளை முதலில் அடுக்கி, குழம்பைச் சுற்றிலும் கரண்டியால் மெதுவாக ஊற்றுங்கள். கறிவேப்பிலையைக் கடைசியில் தூவினால் அதன் பச்சை மங்காது.

கோணத்தைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. இலைச் சாப்பாடு, நாசி லெமாக் போன்று பரப்பி வைத்த உணவை நேர் மேலிருந்தும், கிண்ணத்தில் உள்ளதை நாம் உட்கார்ந்து பார்க்கும் சாய்வான கோணத்திலும், ரொட்டி டிஷு போல உயர்ந்து நிற்பதை அதன் மட்டத்திலிருந்தும் எடுக்கலாம். மிக அருகில் போனால் தட்டின் விளிம்பு வளைந்து தெரியும். ஓரடி பின்னால் நின்று இரண்டு மடங்கு உருப்பெருக்கத்தில் எடுங்கள். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெட் முறை அப்பளத்தின் ஓரத்தையும் இலையின் நுனியையும் சேர்த்து அழித்துவிடும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. அப்பளமும் தோசையும் ரொட்டி சானாயும் காத்திருக்காதவை. மேசை, அட்டை, தொலைபேசி எல்லாவற்றையும் ஆயத்தம் செய்துவிட்டு, வெறும் தட்டை வைத்துச் சோதித்துப் பார்த்த பிறகே அவற்றை அடுப்பிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன். இணையத்தில் கிடைக்கும் அழகான படத்தை எடுத்து நம் கடைப் பட்டியலில் போடுவது இங்கே பரவலாக நடக்கிறது. அது நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்துக்கு எதிராகப் போகக்கூடும். பொருளைப் பற்றித் தவறான தோற்றம் தருவதை 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் தடுக்கிறது. சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டாலும், வேலை முடிந்து களைத்து வீடு திரும்பிய ஒருவர், படத்தில் ஐந்து இறால் பார்த்துப் பணம் செலுத்தி, பொட்டலத்தைப் பிரித்தால் இரண்டைக் காண்பது எவ்வளவு பெரிய ஏமாற்றம் என்பதை எண்ணிப் பாருங்கள். அவர் திரும்ப வாங்க மாட்டார். ஆகவே கொடுக்கும் அளவையே தட்டில் வையுங்கள். முட்டை கூடுதல் விலைக்கு என்றால் முட்டை இல்லாமல் எடுங்கள். குழம்பும் கூட்டும் தனித்தனிப் பெட்டிகளில் போகும் என்றால், அந்தப் பெட்டிகளோடு ஒரு படமும் சேர்த்துப் போடலாம். ஹலால் சான்றிதழ் பெறாத கடைகள் அந்தச் சின்னத்தைப் படத்தின் எந்த மூலையிலும் வைக்கக் கூடாது. 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டத்தின் கீழ் அது கடுமையான குற்றம்.

திருத்தும்போது வெளிச்சத்தையும் வெண்மையையும் மட்டும் சரிசெய்யுங்கள். நிறச் செறிவைக் கூட்டக் கூட, சம்பல் செயற்கைச் சாயம் போட்டது போல ஆகிவிடும். படத்தைச் சதுரமாக வெட்டி, உணவை நடுவில் வைத்து, ஓரங்களில் சிறிது இடம் விடுங்கள். விலையையும் கடைப் பெயரையும் படத்தின் மேல் எழுத வேண்டாம். சிறிய திரையில் அவற்றைப் படிக்க முடியாது. ஐஃபோன் வைத்திருப்பவர்கள், கேமரா அமைப்பில் வடிவத்தை ஜேபெக்காகச் சேமிக்கும்படி மாற்றிக்கொள்ளுங்கள். 2017 முதல் அந்தத் தொலைபேசிகள் இயல்பாகச் சேமிக்கும் வேறு வடிவத்தைச் சில தளங்கள் ஏற்பதில்லை.

பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்து முடிக்க முயல வேண்டாம். அதிகம் விற்கும் நான்கைந்து உணவுகளை மட்டும், மதியக் கூட்டம் தொடங்கும் முன் எடுத்து ஏற்றிவிடுங்கள். மற்றவை ஒவ்வொரு வாரமும் ஒன்றிரண்டாகச் சேரட்டும். உங்கள் கடையில் எந்த உணவு படத்தில் சரியாக விழ மறுக்கிறது என்பதைக் கீழே எழுதுங்கள். கடை எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது, பந்தல் என்ன நிறம் என்பதையும் சேர்த்து எழுதினால், அதற்கேற்ற பதிலை என்னால் சொல்ல முடியும்.