பெயரும் பீடும்

அவையோருக்கு என் வணக்கம்.

செங்கத்துக்கு அருகே எடத்தனூர் என்னும் ஊரில் ஒரு நடுகல் கிடைத்தது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. ஏறத்தாழ 1,400 ஆண்டு வயதுடையது. எருமைகளைக் காத்து நின்று உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்காக நட்ட அந்தக் கல்லில் அவனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் எழுத்து வெட்டி வைத்திருக்கிறார்கள். படைவீரருக்கு மரியாதை செய்வது பற்றிப் பேச வந்தவன் நாயின் கதையைச் சொல்கிறானே என்று எண்ண வேண்டாம். ஒரு நாயின் பெயரைக்கூட விட்டுவிடாத அந்தக் கவனத்தைத்தான் இன்று நம் கைப்பேசிக்குள் தேடிப் பார்க்க விரும்புகிறேன்.

பனியில் இரண்டு சிப்பாய்கள் படுத்து உறங்கும் படம் ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் ஊரெல்லாம் சுற்றியது. சியாச்சினில் நம் வீரர்கள் படும் பாடு என்று அதன் கீழே எழுதியிருந்தது. நானும் கண் கலங்கி, கைகூப்பும் சின்னம் ஒன்றைச் சேர்த்து, எங்கள் குடும்பக் குழுவுக்கு அனுப்பிவைத்தேன். அதில் இருந்தவர்கள் ரஷ்ய நாட்டுச் சிப்பாய்கள் என்று பிறகு தெரிந்தது. என் தவறு எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் குழுவில் ஒருவர், “யாராக இருந்தால் என்ன, உணர்ச்சி உண்மைதானே” என்று எனக்குப் பரிந்து பேசியபோது வெட்கம் இன்னும் கூடியது. யாராக இருந்தாலும் பரவாயில்லை என்றால், என் கண்ணீர் யாருக்காக வந்தது?

உண்மையான சியாச்சினில் 2016 பிப்ரவரி 3 அன்று, ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் காவல் நிலையின் மேல் பனிச்சரிவு விழுந்து, மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19ஆம் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் புதைந்தார்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்ட லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா, பிப்ரவரி 11 அன்று டெல்லி ராணுவ மருத்துவமனையில் இறந்தார். நம் நால்வரின் பெயர்களை இந்த அவையில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? கை தூக்கச் சொல்லவில்லை. ரஷ்யப் படத்தை அனுப்பிய அன்று என்னாலும் சொல்ல முடியாது.

புல்வாமாவை எடுத்துக்கொள்வோம். 2019 பிப்ரவரி 14 அன்று ஜம்மு–ஸ்ரீநகர் நெடுஞ்சாலையில் லெத்போராவில் நடந்த தாக்குதலில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் நாற்பது பேர் உயிரிழந்தார்கள். தூத்துக்குடி மாவட்டம் சவலப்பேரி சுப்பிரமணியனும், அரியலூர் மாவட்டம் கார்குடி சிவச்சந்திரனும் அவர்களில் இருவர். மூன்று நாட்களுக்குள் அந்தப் படையே பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுக்க நேர்ந்தது: வீரர்களின் சிதைந்த உடற்பாகங்கள் என்று சொல்லிப் போலிப் படங்கள் பரப்பப்படுகின்றன, அவற்றைப் பகிராதீர்கள், அவற்றுக்கு விருப்பமும் தெரிவிக்காதீர்கள் என்று. துக்கத்தில் இருந்த ஒரு படை, தன்னைப் போற்றுவதாகச் சொல்லிக்கொண்டவர்களைப் பார்த்து, தயவுசெய்து நிறுத்துங்கள் என்று கேட்க வேண்டியிருந்தது. படங்களை உண்டாக்கியவர்கள் விஷமிகள். ஆனால் அவற்றை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தவர்கள் விஷமிகள் அல்லர். “உண்மையான இந்தியன் என்றால் பகிரவும்” என்ற வரியைக் கண்டதும் விரல் தானாக நகர்ந்துவிடும் என்னைப் போன்றவர்கள்தான்.

எழவு வீட்டில் முகத்தைத் திறப்பதா மூடுவதா என்பதை நெருங்கிய உறவினர்தான் முடிவு செய்வார்கள். பக்கத்துத் தெருக்காரர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் துணியை விலக்க மாட்டார். இந்த வரைமுறையை நமக்கு யாரும் சட்டம் போட்டுக் கற்றுத் தரவில்லை. அந்தத் துணியைத்தான் கைப்பேசியில் எவர் வேண்டுமானாலும் விலக்குகிறோம். இறந்த வீரருடைய மனைவியின் கையிலும், பள்ளிக்கூடம் போகும் மகனின் கையிலும் அதே வாட்ஸ்அப் இருக்கிறது என்பதை மறந்து விலக்குகிறோம்.

அதே மாதம் 27ஆம் தேதி, நம் விமானப்படையின் விங் கமாண்டர் அபிநந்தன் பாகிஸ்தானிடம் பிடிபட்டபோது, கண் கட்டப்பட்டு முகத்தில் ரத்தத்தோடு அவர் இருந்த காணொளி வெளியானது. போர்க்கைதிகளை அவமதிப்பிலிருந்து மட்டுமன்றிப் பொதுமக்களின் வேடிக்கைப் பார்வையிலிருந்தும் காக்க வேண்டும் என்று 1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கையின் 13ஆம் பிரிவு சொல்கிறது. காயம்பட்ட வீரரைக் காட்சிப்பொருளாக்கியதை இந்திய அரசு அன்றே கண்டித்தது. அந்தக் காணொளிகளை நீக்குமாறு யூடியூபையும் கேட்டுக்கொண்டது. அரசு நீக்கச் சொன்னதை நாம் “வீர வணக்கம்” என்று தலைப்பிட்டு ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருந்தோம். உடன்படிக்கை அரசுகளைத்தான் கட்டுப்படுத்தும், குடும்பக் குழுக்களைக் கட்டுப்படுத்தாது என்று வழக்காடலாம். ஆனால் வேடிக்கை பார்த்த கண்கள் எவருடையவை?

வீரர்களின் படத்தைக் கேலி செய்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. அவர்கள் செய்வது தவறு என்று இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவர்களைவிட எனக்குக் கவலை தருபவர்கள், வணக்கச் சின்னம் போடாதவனை எல்லாம் துரோகிகள் பட்டியலில் சேர்ப்பவர்கள். வீரனின் படம் அங்கே இன்னொருவனை அடிக்கும் கோலாகிவிடுகிறது. அந்தச் சண்டை ஐம்பது பதிவுகள் தாண்டும்போது, படத்தில் இருப்பவர் எந்த ஊர்க்காரர் என்று கேட்க ஒருவருக்கும் நினைவிருப்பதில்லை.

நடுகல்லைப் பாடிய சங்கப் புலவர் “பெயரும் பீடும் எழுதி” என்றார். பெயர் முதலில் வருகிறது, பெருமை அதன்பின் வருகிறது. நாம் பீட்டை மட்டும் வைத்துக்கொண்டு பெயரை உதிர்த்துவிட்டோம். எழுத்து வெட்டுகிறவன், இறந்தவன் யார், யாருடைய மகன், எங்கே எப்படி உயிர்விட்டான் என்று விசாரிக்காமல் உளியைத் தொட முடியாது. ஒரு படத்தை அனுப்ப அரை நொடி போதும்; விசாரிக்க அந்த அரை நொடியில் இடம் கிடையாது.

புல்வாமாவுக்குப் பின் பெங்களூரைச் சேர்ந்த இசைக்கலைஞர் ஒருவர் ஒரு காரியம் செய்தார். இறந்த நாற்பது பேரின் முகவரிகளையும் தேடி, நாடு முழுவதும் ஏறத்தாழ 61,000 கிலோமீட்டர் பயணம் செய்து, ஒவ்வொருவர் வீட்டிலும் பெற்றோரையோ மனைவியையோ சந்தித்து, அவர்கள் அனுமதியோடு ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டார். 2020 பிப்ரவரி 14 அன்று லெத்போரா முகாமில் நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. நாற்பது பேரின் படங்களும் அங்கே இருக்கின்றன, பெயர்களோடு. அவர் கொண்டுபோய்க் கொடுத்த கலயத்தில் சவலப்பேரி மண்ணும் கார்குடி மண்ணும் கலந்திருக்கின்றன.