பிரவுசர் திறக்க மறுத்தால்

நேயர்களுக்கு வணக்கம்.

கம்ப்யூட்டர் ஓடுகிறது, நெட் இருக்கிறது, ஆனால் பிரவுசரைத் திறக்கப் போனால் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வட்டம் சற்று நேரம் சுற்றிவிட்டு மறைந்துவிடுகிறது. தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாள் பார்த்துத்தான் இது நடக்கும். பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்: "தூக்கிட்டு மறுபடி இன்ஸ்டால் பண்ணுங்க."

அந்த யோசனையை முதல் இடத்திலிருந்து கடைசி இடத்துக்குத் தள்ளத்தான் இன்று பேசுகிறேன். பயர்பாக்ஸை வைத்துச் சொல்கிறேன். குரோம் வைத்திருப்பவர்களும் கேட்கலாம், அடிப்படை ஏறத்தாழ ஒன்றுதான்.

பயர்பாக்ஸ் உங்கள் கணினியில் இரண்டு இடங்களில் இருக்கிறது. நிரல் ஓரிடத்தில். உங்கள் புக்மார்க், பாஸ்வேர்ட், எக்ஸ்டென்ஷன் என்ற துணை நிரல்கள், நீங்கள் மாற்றி வைத்த அமைப்புகள் எல்லாம் ப்ரொஃபைல் என்ற தனிக் கோப்புறையில். நீங்கள் பயர்பாக்ஸை நீக்கினால் நிரல் மட்டும்தான் போகும். ப்ரொஃபைல் அப்படியே கிடக்கும். புதிதாக நிறுவியதும் அது போய்ப் பழைய ப்ரொஃபைலையே எடுத்துக்கொள்ளும். கோளாறு அங்கே இருந்தால், கிரைண்டரை மாற்றிவிட்டு அதே புளித்த மாவை ஊற்றிய கதைதான்.

சரி, முதலில் பார்க்க வேண்டியது என்ன? 'பயர்பாக்ஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் பதில் தரவில்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி வருகிறதா? அது பொய் சொல்லவில்லை. நேற்று நீங்கள் ஜன்னலை மூடினீர்கள். நிரல் உள்ளே முழுதாக மூடாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஒரே ப்ரொஃபைலில் இரண்டு பிரவுசர்கள் ஒரே சமயத்தில் எழுதினால் தகவல்கள் சிதைந்துபோகும். அதனால் முதலில் வந்தது ஒரு பூட்டுக் கோப்பைப் பிடித்துக்கொள்ளும், அடுத்ததை உள்ளே விடாது. விண்டோஸில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பயர்பாக்ஸ் என்று இருப்பதை எல்லாம் முடித்துவிடுங்கள். கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தாலும் இதே பலன்தான். லினக்ஸ்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு: ப்ரொஃபைலில் இருக்கும் அந்தப் பூட்டு இணைப்பிலேயே, பிடித்துக்கொண்டிருக்கும் நிரலின் எண் எழுதியிருக்கும். கையும் களவுமாகப் பிடிக்கலாம்.

இன்னொரு வேடிக்கை. பிரவுசர் திறந்தே இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது. லேப்டாப்பை புரொஜெக்டரிலோ இரண்டாவது திரையிலோ மாட்டியிருந்தபோது ஜன்னல் அங்கே போயிருக்கும். ஒயரைக் கழற்றிய பிறகும் இல்லாத திரையில் போய் நிற்கும். ஆல்ட், டேப் அழுத்தி பயர்பாக்ஸைத் தேர்ந்தெடுத்து, விண்டோஸ் விசையோடு இடப்பக்க அம்புக்குறியை அழுத்திப் பாருங்கள்.

இதெல்லாம் இல்லை என்றால், ஷிப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே பயர்பாக்ஸைத் திறங்கள். முன்பு சேஃப் மோட் என்று பெயர், 88ஆம் பதிப்பிலிருந்து ட்ரபுள்ஷூட் மோட். எக்ஸ்டென்ஷன்களையும், கிராபிக்ஸ் சிப்பின் உதவியையும் நிறுத்திவிட்டு வெறுமனே கிளம்பும். இப்படித் திறந்துவிட்டால் குற்றவாளி ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷன் அல்லது திரையை இயக்கும் டிஸ்ப்ளே டிரைவர். எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் அகப்படும்.

அப்படியும் வரவில்லையா? அப்புறம்தான் ப்ரொஃபைல். விண்டோஸ் விசையோடு ஆர் எழுத்தை அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் ஆங்கிலத்தில் பயர்பாக்ஸ், ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, அதை ஒட்டிப் பெரிய பி. ப்ரொஃபைல் மேனேஜர் திறக்கும். புதிதாக ஒன்று உருவாக்குங்கள். பழையதை மட்டும் தயவுசெய்து அழிக்காதீர்கள், அங்கேதான் உங்கள் பாஸ்வேர்ட் எல்லாம் இருக்கிறது. புதியது ஒழுங்காக ஓடினால் பிரவுசரை மூடிவிட்டுப் பழைய கோப்புறையிலிருந்து மூன்று கோப்புகளை மட்டும் எடுத்து வாருங்கள். பிளேசஸ் என்பதில் புக்மார்க்கும் பார்த்த பக்கங்களும் இருக்கும். லாகின்ஸ், கீ-4 இரண்டும் பாஸ்வேர்டுக்கு. ஒன்று இருந்து மற்றது இல்லாவிட்டால் பயனில்லை. ஆசைப்பட்டு முழுக் கோப்புறையையும் அள்ளி வந்தால் கோளாறும் கூடவே வரும்.

பழைய பதிப்புதான் வேகம் என்று தேடிப் போட்டவர்களுக்கு வேறு தடை. 2019 மே மாதம் வந்த 67ஆம் பதிப்பிலிருந்து, புதிய பதிப்பு பயன்படுத்திய ப்ரொஃபைலைப் பழைய பதிப்பு தொட மறுக்கும். புதிய ப்ரொஃபைல் உருவாக்கு, அல்லது வெளியேறு என்று சொல்லும். விண்டோஸ் 7 வைத்திருந்தால் பயர்பாக்ஸில் 115 இஎஸ்ஆர் (நீண்ட காலம் ஆதரவு தரும் பதிப்பு), குரோமில் 109, அதுதான் எல்லை. அதற்கு மேல் முயல்வது வீண்.

சில நாள் நம் பக்கம் தவறே இருக்காது. 2022 ஜனவரி 13 அன்று உலகம் முழுக்கப் பலருக்கு பயர்பாக்ஸ் திறந்தது, ஆனால் எந்தப் பக்கமும் வரவில்லை. பயர்பாக்ஸ் கிளம்பியதும் பயன்பாட்டுத் தகவலை, அதை உருவாக்கும் மொசில்லாவின் சர்வருக்கு அனுப்பும். அந்த சர்வர் இருந்த கூகுள் கிளவுடில் தகவலை அனுப்பிப் பெறும் எச்டிடிபி-3 என்ற புதிய முறை இயங்கத் தொடங்கியது. அனுப்பும் செய்தியின் நீளத்தைச் சொல்லும் தலைப்பைப் பிரவுசரின் ஒரு பகுதி சின்ன எழுத்தில் எழுதியது, இன்னொரு பகுதி பெரிய எழுத்தில் தேடியது. கிடைக்கவில்லை. அங்கேயே முடிவில்லாமல் சுற்ற ஆரம்பித்தது. மொத்த நெட்வொர்க் வேலையும் அதன் பின்னால் வரிசையில் நின்றுவிட்டது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற தொல்லை இல்லாத தமிழில் எழுதியிருந்தால் தப்பித்திருப்பார்கள்! அன்று தகவல் அனுப்புவதை முன்பே நிறுத்தி வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் பாதிக்கப்படவில்லை. மொசில்லா தன் சர்வர் பக்கத்தில் எச்டிடிபி-3ஐ நிறுத்தியது, பிறகு 96.0.1 என்ற திருத்தப் பதிப்பை வெளியிட்டது. அதனால் எதையும் நோண்டுவதற்கு முன், கையில் இருக்கும் போனில் ஒருமுறை தேடிப் பாருங்கள், இதே பாடு ஊருக்கெல்லாம் இருக்கிறதா என்று.

நன்றி, வணக்கம்.