கஞ்சித் தொட்டியும் சுவர்க் கடிகாரமும்

நடுவர் அவர்களே, வணக்கம். "ஸ்லோடைவ் இசைக்குழுவைக் கரைசேர்த்தது காலமா, பாட்டா?" பாட்டுதான்னு பேச வந்திருக்கேன்.

எதிரணி அக்கா சொன்னாங்க: "1995ல கலைஞ்சுபோன குழு. இணையம் வந்துச்சு, 2014ல எழுந்து உட்கார்ந்துச்சு. எல்லாம் காலம் செஞ்ச வேலை." அக்கா, அதே காலம் மத்தவங்களுக்கும்தானே ஓடிச்சு? தொண்ணூறுகள்ல இங்கிலாந்துல கிடார் தூக்கினவங்க எல்லாருமா எழுந்து வந்துட்டாங்க?

கதையைக் கேளுங்க. 1989, ரெடிங் நகரம். நீல் ஹால்ஸ்டெட், ரேச்சல் காஸ்வெல், ரெண்டு பேரும் சின்ன வயசுச் சிநேகிதங்க. குழு ஆரம்பிக்கிறாங்க, கிரியேஷன் ரெக்கார்ட்ஸ்ங்கிற இசைத்தட்டு நிறுவனம் ஒப்பந்தம் போடுது. மேடையில காலடியில வரிசையா, கிடார் சத்தத்தை மாத்தற பெடல். ஒண்ணை மிதிச்சா கிடார் சத்தம் கிணத்துக்குள்ள கூப்பிட்ட மாதிரி திரும்பத் திரும்ப வரும். இன்னொண்ணை மிதிச்சா அப்படியே கரைஞ்சு பனிமூட்டமாப் பரவும். அந்த மூட்டத்துக்குள்ள பாதி புதைஞ்சு ரெண்டு குரல். பெடலைப் பார்க்கக் குனிஞ்சதுக்கு, 'ஷூகேஸ்'னு இவங்க வகையறாவுக்கே பட்டப்பேர் வெச்சாங்க பத்திரிகைக்காரங்க. ஷூவையே பார்க்கிறாங்களாம்! சைக்கிள் செயின் மாட்டக் குனியறவனைப் பார்த்து, செருப்பை ரசிக்கிறான்னா சொல்லுவோம்?

1993ல ரெண்டாவது ஆல்பம், 'சுவ்லாக்கி'. ஹால்ஸ்டெட்டும் காஸ்வெல்லும் காதலிச்சுப் பிரிஞ்சிருந்த நேரம். ஹால்ஸ்டெட் வேல்ஸ் பக்கம் ஒரு சின்ன வீட்டுல தனியா இருந்து எழுதின பாட்டெல்லாம் அதுல இருக்கு. யாரைப் பிரிஞ்சாரோ, அவங்களும் பக்கத்துல நின்னு சேர்ந்து பாடறாங்க. நினைச்சுப் பாருங்க நடுவரே, எனக்கெல்லாம் குரலே வந்திருக்காது!

பேர்போன இசைத் தயாரிப்பாளர் பிரையன் ஈனோ ரெண்டு பாட்டுல கைகொடுத்தார். ஸ்டுடியோவுக்குள்ள வந்ததும் முதல் வேலையா சுவர்க் கடிகாரத்தைப் பிடுங்கி மிக்சிங் மேசைகிட்ட வெச்சாராம். எதையாவது வாசி, நான் பதிவு பண்றேன்னாராம். ஹால்ஸ்டெட்டே சொன்ன சம்பவம்.

அந்த ஆல்பத்துக்கு 'மெலடி மேக்கர்'ங்கிற இசைப் பத்திரிகையோட விமர்சகர் கொடுத்த மரியாதை தெரியுமா? இதை மறுபடி கேக்கறதைவிட, கஞ்சி நிரம்பின குளியல் தொட்டியில மூச்சுமுட்டிச் சாகலாம்னு எழுதினார். 1995ல மூணாவது ஆல்பம் 'பிக்மேலியன்' வந்த ஒரே வாரத்துல கிரியேஷன் கைகழுவிடுச்சு. அதே நிறுவனத்துல அப்போ ஒயாசிஸ்னு இன்னொரு குழு கொடிகட்டிப் பறக்குது. அக்கா, அன்னைக்கு உங்க 'காலம்' யார் வீட்டுல விருந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்துச்சு?

இணையம் கொண்டுவந்து சேர்த்துச்சு, ஒத்துக்கறேன். ஆனா இணையத்துல ஒரு பாட்டைத் தள்ளிவிட ஒரு விரல் போதும். அந்தப் பாட்டெல்லாம் வந்தப்போ பொறக்கவே பொறக்காத பசங்க, தள்ளாம நின்னு கேட்டாங்க. 2014ல பார்சிலோனா பிரிமாவெரா விழா மேடை ஏறினாங்க. 22 வருஷ இடைவெளிக்கு அப்புறம் 2017ல புது ஆல்பம். 2023ல இன்னொண்ணு, காஸ்வெல்லோட அம்மாவும் டிரம்மர் சைமன் ஸ்காட்டோட அப்பாவும் 2020ல இறந்தாங்க, அவங்களுக்குக் காணிக்கை. சோகம் கொஞ்சமும் குறையல, சத்தமும் பெருசா மாறல. பிரிட்டன் ஆல்பம் தரவரிசைப் பட்டியல்ல ஆறாவது இடம்! கஞ்சித் தொட்டி விமர்சனம் வந்து முழுசா முப்பது வருஷம்.

நடுவர் கை மணிப்பக்கம் போகுது. ஐயா, இங்க ஈனோ இருந்திருந்தா முதல்ல அந்த மணியைத்தான் பிடுங்கியிருப்பார். நான் உட்கார்ந்துடறேன், நன்றி.