கோரை என்று சொல்லிவிட்டேன்

நேயர்களுக்கு வணக்கம்.

மயிலாடுதுறைப் பக்கத்துக் கிராமம் என்னுடையது. தாவரவியல் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். போன ஆடியில், ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கும் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் படம் ஒன்று அனுப்பியிருந்தான். கெய்ர்ன்கோர்ம் மலைமேல் எடுத்ததாம். வெறும் சரளைத் தரை. அதில் ஒரு சாண்கூட வளராத செடி. நுனியில் பழுப்பாக ஒரு கதிர், உட்கார்ந்தபடியே தூங்குகிற ஆளின் தலைபோலச் சாய்ந்திருந்தது. "சார், இது என்ன புல்?"

மூக்குக்கண்ணாடிகூடப் போடாமல் "கோரை" என்று பதில் போட்டேன்.

தப்பு. ஆனால் எங்கள் ஊர்க் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். இலை ஒல்லி, தலை பழுப்பு என்றால் கோரை. வரப்பில் கோரை, வாய்க்காலில் கோரை, படுக்கிற பாயிலும் அதுதான்.

அன்று சாயங்காலம் குறுவை வயலில் களையெடுப்பு நடந்தது. கரையேறிய அம்மா ஒருவரிடம் சும்மா படத்தைக் காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "தண்ட உருட்டிப் பாத்தீங்களா ஐயா?" என்றார்.

முப்பது வருடம் வகுப்பில் நான் கேட்ட கேள்வி அது. கோரைத் தண்டு முக்கோணம். விரலிடுக்கில் உருட்டினால் ஓரம் தட்டுப்படும். புல்லின் தண்டு உருண்டை, ஆனால் கணு கணுவாக இருக்கும். களையெடுக்கும் பெண்கள் இதைவிட நுணுக்கமாகவும் பார்ப்பார்கள். நட்டு இருபது நாளான வயலில் நெல்லையும் குதிரைவாலிக் களையையும் தூரத்திலிருந்து பிரிக்கவே முடியாது. இலை தண்டைவிட்டு விலகும் இடத்தைப் பாருங்கள். நெல்லுக்கு அங்கே வெள்ளையாக ஒரு நாக்கும், மயிர் முளைத்த இரண்டு காதும் இருக்கும். குதிரைவாலிக்கு நாக்கும் கிடையாது, காதும் கிடையாது. சேற்றில் குனிந்தபடியே அதைப் பார்த்துப் பிடுங்குகிறவர்களிடம் படத்தை மட்டும் காட்டினால் நம்புவார்களா?

சரி, பையனிடம் கேட்டேன்: தம்பி, மறுபடி மேலே போனால் செடியைப் பிடுங்க வேண்டாம், குனிந்து மூன்று விஷயம் மட்டும் பார்த்துச் சொல். தண்டு உருண்டையா? இலையோரத்தில் முடி இருக்கிறதா? காய்க்குள் எத்தனை விதை?

இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. தண்டு உருண்டை. இலையடியில், உறையின் வாய் ஓரமாக, நீளமான வெள்ளை முடி. காயைப் பிளந்தால் மூன்றே மூன்று விதை. கைலென்ஸில் பூவைப் பார்த்தானாம், ஆறு இதழ். லில்லிப் பூவைப் பழுப்பாக்கிக் கடுகளவுக்குச் சுருக்கியதுபோல் இருந்ததாம். கோரைப் பூவில் இதழே இருக்காது, செதில்தான்.

முடிவு தெரிந்துவிட்டது. ஜன்கேசியே குடும்பம், லுசுலா பேரினம். தமிழில் இதற்குப் புழக்கத்தில் பெயர் இல்லை, நானும் புதிதாக ஒன்றைச் சூட்டப்போவதில்லை. இதே குடும்பத்து ஜன்கஸுக்கு இலையில் முடி இருக்காது, காய்க்குள் விதை ஏராளம். முடியும் மூன்று விதையும் சேர்ந்தால் லுசுலாதான்.

அப்புறம் எந்த லுசுலா என்று பார்க்கவேண்டும். நம் டெல்டாவில் உயரம் என்றால் பெரிய கோயில் விமானம், 216 அடி. அதுபோல இருபது விமானத்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால்தான் கெய்ர்ன்கோர்ம் மலைத்தொடரின் பென் மக்டூயி சிகரத்தை எட்டும், 1309 மீட்டர். அந்தக் குளிர்காற்றில் நிற்கக்கூடியவை சிலதான். மல்டிஃப்ளோரா என்பதற்குக் கதிர்க்கொத்துகள் நிமிர்ந்து நிற்கும், அது கீழேயுள்ள மேட்டுநிலங்களிலும் வளரும். ஸ்பைகேட்டாவுக்குப் பூவெல்லாம் காம்பில்லாமல் நெருங்கி ஒரே கதிராகித் தலைகுனியும். ஆர்குவேட்டா இன்னும் அரிது, உச்சிச் சரளையிலும் பனி தாமதமாகக் கரையும் இடத்திலும்தான் இருக்கும். அதில் இரண்டு மூன்று பூக்கள் கொண்ட சின்னக் கொத்துகள், வில்லாக வளைந்த மெல்லிய காம்புகளில் தனித்தனியாகத் தொங்கும்.

பையன் படத்தில் கிளையே இல்லை. ஒரே கதிர், தொங்கிய தலை. லுசுலா ஸ்பைகேட்டா என்று எழுதி அனுப்பினேன், இந்தத் தடவை கண்ணாடி போட்டுக்கொண்டுதான். காஷ்மீர்ப் பக்கத்து இமயமலையிலும் இது உண்டு என்றதும் அவனுக்கு ஒரே சந்தோஷம்.

களையெடுக்கும் அம்மாவிடமும் போய்ச் சொன்னேன். "அப்ப கோரை இல்லியா?" என்றார். இல்லை என்றேன். "பாய் முடைய ஆவுமா?" ஒரு சாண்தான் வளரும் என்றேன். அதோடு அந்தச் செடியில் அவருக்கு அக்கறை விட்டுப்போனது.

நேற்று பையன் இன்னொரு படம் அனுப்பியிருக்கிறான், அதே மலை, இன்னும் மேலே. காம்புகள் வளைந்த மாதிரித் தெரிகிறது, ஆனால் படம் ஆடிவிட்டது. கொத்துகள் தனித்தனியாகத் தொங்குகின்றனவா என்று கேட்டிருக்கிறேன். அவன் மறுபடி ஏறுவதற்கு ஞாயிற்றுக்கிழமை வரவேண்டும்.

வணக்கம்.