நுளம்பின் வயிற்றில் யாருடைய குருதி?

[காட்சி: விடியற்காலை, யாழ்ப்பாணத்து வளவொன்றின் மாட்டுக்கொட்டில்]

கொட்டிலின் கிடுகுத் தட்டியில் டோர்ச் வெளிச்சத்தைப் பிடித்தால், வயிறு சிவந்து புடைத்து, பறக்கவும் மனமின்றி ஒட்டிக்கொண்டிருக்கும் பெண் நுளம்புகளைக் காணலாம். அது பசுவின் குருதியா, விறாந்தையில் படுத்திருந்தவரின் குருதியா என்பதை நுணுக்குக்காட்டி சொல்லாது. ஆடு, மாடு, மனிதர் மூவரின் செங்குழியங்களும் அளவில் வேறுபட்டாலும், நுளம்பின் வயிற்றில் சிதைந்தபின் அவற்றைக் கொண்டு இனம்பிரிப்பது கடினம்.

இலங்கை மலேரியா அற்ற நாடென 2016 செப்டெம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளித்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே மன்னாரில், மலேரியாவைப் பரப்பக்கூடிய அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற நுளம்பு கண்டறியப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்துக் கிணறுகளிலும் அதன் குடம்பிகள் கிடைத்தன. ஆகவே எந்த நுளம்பு யாரைக் கடிக்கிறது என்பது இங்கு வெறும் ஏட்டுக் கேள்வியன்று.

[காட்சி: ஆய்வுகூட மேசை]

மனிதக் குருதியின் நீர்ப்பாயத்தை (குருதி உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை) முயலுக்கு ஏற்றினால், முயலின் உடல் அதற்கெதிரான பிறபொருளெதிரிகளை, அதாவது அந்நியப் புரதங்களை இனங்கண்டு பற்றிக்கொள்ளும் புரதங்களை, உருவாக்கும். இவற்றைக் கொண்டு மனிதக் குருதியை வேறுபடுத்தலாம் என்று ஜெர்மனியரான பௌல் ஊலன்ஹூத் 1901இல் காட்டியது, குற்றவியலில் இரத்தக்கறைகளை ஆராய்வதற்காகவே. நுளம்புக்கு அது பிறகுதான் வந்தது. 1971இல் அறிமுகமான, பிறபொருளெதிரியோடு நொதியத்தை இணைத்து நிறமாற்றத்தால் விடை காணும் எலைசா முறை இன்று பரவலாகப் பயன்படுகிறது.

நுளம்பின் வயிற்றை வெட்டி, உப்புக் கரைசலில் நசுக்கி, 96 குழிகளுள்ள பிளாஸ்டிக் தட்டில் இட்டு வைத்தால், குருதிப் புரதங்கள் குழியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பின்னர் நொதியம் இணைக்கப்பட்ட பிறபொருளெதிரியைச் சேர்த்து, ஒட்டாததைக் கழுவி அகற்றி, நிறம் தரும் பொருளை விட வேண்டும்; குருதி உரிய விலங்கினுடையதாயின் குழி நிறம் மாறும். கழுவுதலில் அவசரப்பட்டால் எல்லாக் குழிகளுமே நிறம் காட்டிவிடும். அதனால் ஒப்பீட்டுக்கு, குருதியே குடிக்காத ஆண் நுளம்பொன்றையும் நசுக்கி வைப்பார்கள்.

ஆடும் மாடும் நெருங்கிய உறவுடையவை என்பதால், ஒன்றுக்கான பிறபொருளெதிரி மற்றதையும் பற்றிக்கொள்ளக்கூடும். பிற விலங்குகளின் நீர்ப்பாயத்தை முன்கூட்டியே கலந்து இதைக் குறைப்பார்கள். நேரமும் பகைதான்: ஒரு நாளுக்குப் பின் குருதி செரிக்கச் செரிக்க விடை மங்கும்.

ஆயினும் பெரிய பிழை ஆய்வுகூடத்தில் அல்ல, பிடிக்கும் இடத்திலேயே நேர்கிறது என்பேன். கொட்டிலில் மட்டும் பிடித்தால் மாட்டுக் குருதிதான் மிகுதியாகக் கிடைக்கும். அது நுளம்பின் விருப்பத்தைவிட, பக்கத்தில் மாடு நின்றதையே காட்டும். ஆதலால் வீட்டினுள்ளும் கொட்டிலிலும் வெளியிலும் பிடிக்க வேண்டும். எங்கே, எத்தனை மணிக்குப் பிடித்தது, அன்றிரவு அந்த வளவில் எத்தனை பேர், எத்தனை மாடு, எத்தனை ஆடு இருந்தன என்பதைக் குப்பியின் சீட்டில் அங்கேயே எழுதிவிட வேண்டும்.