கால் கிராம் மருந்தின் கணக்கு

வடசென்னை நேயர்களுக்கு வணக்கம். கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு வெடிமருந்தைத் தேர்ந்தெடுப்பதும் அளப்பதும்தான் இன்றைய பேச்சு. அமெரிக்கா போன்ற நாடுகளில், சுட்டு முடித்த பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் 'பிரைமர்' என்ற சின்ன மூடியில் பழையதைத் தட்டி எடுத்துப் புதியது வைத்து, மருந்து போட்டு, மேலே குண்டைப் பொருத்தி மறுபடி தோட்டாவாக்குவது பலரும் வீட்டிலேயே செய்கிற வேலை. அங்கே குடியேறி, சுடும் கிளப்பில் சேர்ந்து, இதில் இறங்கும் நம் வீட்டுப் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் பேசுகிறேன்.

நம் நாட்டுச் சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்கக் கூடாது. தோட்டா செய்யும் இயந்திரத்தையும் தோட்டாவின் பாகங்களையும்கூட அந்தச் சட்டம் 'தோட்டா' (அம்யூனிஷன்) என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, மீறினால் குறைந்தது 7 ஆண்டு சிறை, ஆயுள் வரைக்கும் போகலாம். ஆகவே தண்டையார்பேட்டை மாடி அறையில் இதைச் செய்து பார்க்க வழியே இல்லை. அனுமதி உள்ள நாட்டில் இருப்பவர்களுக்கானது இது.

இனி அளவுக்கு வருவோம். இந்தத் தொழிலில் எடை கிராமில் பேசப்படுவதில்லை. 'கிரெய்ன்' என்று சொல்வார்கள். வானொலியில் இரண்டும் ஒரே மாதிரி காதில் விழும் என்பதால் நிறுத்திச் சொல்கிறேன்: கிரெய்ன். ஒரு கிராமுக்கு 15.43 கிரெய்ன். ஒரு கிரெய்ன் என்பது சுமார் 65 மில்லிகிராம். தங்கசாலைத் தெருவிலும் சவுகார்பேட்டையிலும் பொன் நிறுத்துப் பழகியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரு குன்றிமணி ஏறக்குறைய 120 மில்லிகிராம், அதாவது கிட்டத்தட்ட 2 கிரெய்ன். 9 மில்லிமீட்டர் தோட்டாவில் போகும் மருந்து பெரும்பாலும் 4 முதல் 6 கிரெய்ன். இரண்டு மூன்று குன்றிமணி எடைதான். அந்தச் சிட்டிகை மருந்து கூட்டுக்குள் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு வரை அழுத்தத்தை எழுப்பலாம். 9 மில்லிமீட்டருக்கு அமெரிக்கத் தொழில்துறை வைத்திருக்கும் உச்ச வரம்பு அது.

(தங்கசாலையைச் சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. நாணயம் அடிக்கும் சாலையாக ஆவதற்கு முன், கும்பெனி காலத்தில், அந்த வளாகம் வெடிமருந்து ஆலையாக இருந்தது.)

அந்தக் காலக் கருமருந்தும் இன்றைய புகையில்லா மருந்தும் வேறு வேறு சாதி. 1884-இல் பிரான்ஸில் பால் வியேய் என்பவர் நைட்ரோசெல்லுலோஸை வைத்துச் செய்ததிலிருந்து தொடங்குகிறது இன்றைய மருந்தின் கதை. இதன் குணத்தை ஒரு வரியில் சொன்னால்: அழுத்தம் கூடக் கூட இது வேகமாக எரியும், வேகமாக எரிய எரிய அழுத்தம் இன்னும் கூடும். திறந்த தட்டில் பற்றவைத்தால் புஸ்ஸென்று எரிந்து போகும். மூடிய கூட்டுக்குள் அதே மருந்து தன்னைத்தானே விரட்டிக்கொள்ளும். கொஞ்சம் கூடப் போட்டால் கொஞ்சம்தானே கூடும் என்ற கணக்கு இங்கே செல்லாது. குண்டு கூட்டுக்குள் சற்று ஆழமாக இறங்கினாலும் இதே கதைதான். உள்ளே இடம் குறையும், அழுத்தம் எகிறும். 9 மில்லிமீட்டர் போன்ற சின்னக் கூட்டில் அரை மில்லிமீட்டர்கூடப் பெரிய விஷயம்.

எந்த மருந்தை எடுப்பது? கைத்துப்பாக்கிக்குக் குழல் குட்டை. குண்டு வெளியேறுவதற்குள் எரிந்து முடிக்கும் வேகமான மருந்து வேண்டும். அந்த வகையிலேயே பல வேகங்கள் உண்டு. புதிதாகத் தொடங்குகிறவர் சிக்கனம் பார்த்து, மிக வேகமான, மிகக் குறைவாகப் போட்டால் போதும் என்கிற மருந்தைத்தான் முதலில் வாங்குவார். ஒரு டப்பாவில் நிறையத் தோட்டா வருமே என்ற ஆசை. என் கருத்தில் அது தவறான தொடக்கம். ரிவால்வர் தோட்டாவான .38 ஸ்பெஷலின் கூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கருமருந்துக் கால அளவில் அமைந்த நீளமான கூடு அது. அதில் வேகமான மருந்தைப் போட்டால் அடியில் கொஞ்சம் மட்டும் கிடக்கும். கை தவறி இரண்டாவது முறை போட்டாலும் வழியாது, மேலே குண்டும் ஒழுங்காக உட்காரும். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு வித்தியாசமே தெரியாது. சுடும்போதுதான் தெரியும். அதனால் கூட்டில் பாதிக்கு மேல் நிரப்புகிற, உப்பலான மருந்தைத் தேர்ந்தெடுங்கள். இரட்டை அளவு விழுந்தால் வாய்வரை வந்து வழியும். தப்பைத் தானே காட்டிக்கொடுக்கிற மருந்து அது. பத்துத் தோட்டாவுக்கு ஆகும் கூடுதல் செலவு ஒரு கைவிரலுக்கு ஈடாகாது.

எவ்வளவு போடுவது என்பதை மருந்துத் தயாரிப்பாளர் வெளியிடும் அட்டவணையில் பார்க்க வேண்டும். அதில் தோட்டா வகை, குண்டின் எடையும் வகையும், மருந்தின் பெயர், தோட்டாவின் முழு நீளம் எல்லாம் நாம் வைத்திருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். தொடக்க அளவு என்று போட்டிருப்பதில் ஆரம்பியுங்கள். உச்ச அளவு மட்டும் இருந்தால் அதிலிருந்து 10 சதவீதம் குறைத்துத் தொடங்குவது வழக்கம். ஆனால் மேக்னம் என்கிற, வலு கூடிய தோட்டா போடும் துப்பாக்கிகளுக்கான மெதுவான மருந்துகள் சிலவற்றை அப்படிக் குறைக்கக் கூடாது என்று தயாரிப்பாளரே எச்சரிப்பார். அவை குறைந்தாலும் ஒழுங்காகப் பற்றாமல் தொல்லை தரும். டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். இணையத்தில் யாரோ போட்ட அளவு வேண்டவே வேண்டாம்.

அளக்கும் கருவி பெரும்பாலும் உருளை வகை. மேலே மருந்துக் குடுவை, கீழே குழியுள்ள உருளை, பக்கத்தில் கைப்பிடி. கைப்பிடியைத் தூக்கினால் குழி நிரம்பும், இறக்கினால் கூட்டில் கொட்டும். இது அளப்பது கொள்ளளவை, எடையை அல்ல. நம் வீட்டுப் பெரியவர்கள் அரிசியைப் படியால் அளந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டிக் குலுக்கி அளந்த படிக்கும் அப்படியே அளந்த படிக்கும் ஒரு கைப்பிடி வித்தியாசம் வரும். இங்கேயும் அதே. கைப்பிடியை ஒரு முறை மெதுவாகவும் ஒரு முறை வேகமாகவும் இழுத்தால் எடை மாறும். குடுவையில் மருந்து மட்டம் இறங்கினாலும் மாறும். அதனால்தான் உள்ளே ஒரு தடுப்புத் தகடு வைத்திருப்பார்கள். குடுவையை மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போக விடாதீர்கள். உருண்டை மருந்து தண்ணீர் மாதிரி ஓடும். சின்னத் தட்டை வில்லைகளாக இருக்கும் மருந்து குழியின் வாயில் பாலம் கட்டிக்கொள்ளும். கைப்பிடியில் லேசாக ஒரு தயக்கம் தெரியும், நறுக்கென்று ஒரு சத்தம் வரும். அப்போது விழுந்த அளவைக் குடுவையிலேயே திருப்பிக் கொட்டிவிடுங்கள். பாலம் கட்டினால் ஒரு கூட்டில் பாதி விழும், தேங்கியது அடுத்த கூட்டில் சேர்ந்து கூடும்.

புதிதாக அமைத்ததும் முதல் பத்து அளவுகளைக் குடுவைக்கே திருப்புங்கள், மருந்து படிந்து நிலைக்கட்டும். பிறகு பத்து அளவுகளை ஒரே தட்டில் சேர்த்து நிறுத்துப் பத்தால் வகுங்கள். ஒவ்வொன்றாக நிறுப்பதைவிட இதில் சராசரி துல்லியமாகக் கிடைக்கும். தனித்தனியாகவும் சிலவற்றை நிறுத்துப் பாருங்கள், ஏற்ற இறக்கம் தெரியும். வேலை ஓடும்போது பத்துக்கு ஒன்றைத் தராசில் வைத்துப் பாருங்கள்.

தராசு கிரெய்னில் பத்தில் ஒரு பங்கு காட்ட வேண்டும். 0.01 கிராம் காட்டும் மலிவான எலக்ட்ரானிக் தராசு போதாது, அதன் ஒரு படியே 0.15 கிரெய்ன். நகைத் தராசு என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. அதில் கேரட் முறையும் இருக்கும். ஒரு கேரட் என்பது 0.2 கிராம், 3 கிரெய்னுக்குக் கொஞ்சம் மேல். பொத்தான் மாறிக் கேரட்டில் நின்றிருக்க, திரையில் 4.0 என்று பார்த்துப் போட்டால் உள்ளே 12 கிரெய்ன் போயிருக்கும். கிராமில் தப்பினால் கூடே கொள்ளாது, தெரிந்துவிடும். கேரட்டில் தப்பினால் பெரிய கூட்டில் அடங்கிவிடக்கூடும். ஒவ்வொரு முறை உட்காரும்போதும் திரையின் மூலையில் இருக்கும் அந்தச் சின்ன எழுத்தைப் படியுங்கள்.

தராசைப் போட்டு இருபது முப்பது நிமிடம் சூடேற விடுங்கள். மேலே மின்விசிறியை நிறுத்துங்கள். சென்னைக்காரருக்கு விசிறி இல்லாமல் உட்காருவது கஷ்டம்தான், ஆனால் காசிமேட்டுக் காற்று போல ஒரு வீச்சு வந்தால் தட்டு ஆடும். கைப்பேசியை மேசையை விட்டு எடுத்துவையுங்கள். பிறகு எடைக்கல்லை வைத்துச் சோதியுங்கள். தராசோடு வரும் 50 கிராம் கல் மட்டும் போதாது. நாம் நிறுப்பது கால் கிராம் என்பதால் 200 மில்லிகிராம், 500 மில்லிகிராம் கற்களாலும் பார்க்க வேண்டும். 200 மில்லிகிராமுக்கு 3.1 காட்டணும், 500-க்கு 7.7 காட்டணும். கல்லைச் சாமணத்தால் எடுங்கள். விரல் வியர்வையும் எடைதான்.

மேசை மேல் எந்நேரமும் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். இரண்டு டப்பா இருந்தால் வேலை முடிந்து மிச்சத்தைத் தப்பான டப்பாவில் கொட்டும் நாள் நிச்சயம் வரும். கலந்த மருந்தைப் பிரிக்க வழி கிடையாது. பெயர் தெரியாத மருந்தும் அப்படியே, நிறத்தையும் வடிவத்தையும் பார்த்து ஊகிக்கவே கூடாது. வேலை முடிந்ததும் குடுவையைக் காலி செய்து அதே டப்பாவில் கொட்டி மூடுங்கள். சில மருந்துகளை இரவு முழுக்க விட்டால் பிளாஸ்டிக் குடுவையையே அரித்து மங்கலாக்கும். ஈரக் காற்றிலும் வறண்ட காற்றிலும் திறந்து கிடந்தால் மருந்தின் ஈரப்பதம் மாறி, எடையும் எரியும் வேகமும் மாறும். டப்பாவைத் திறந்ததும் நெடி காரமாக மூக்கில் ஏறினால், செம்பழுப்புத் தூள் தெரிந்தால், மருந்து கெட்டுவிட்டது. தயாரிப்பாளர் சொல்லும் முறைப்படி அப்புறப்படுத்துங்கள். நல்ல மருந்தை இரும்புப் பெட்டியில் இறுக்கி மூடி வைக்காதீர்கள், தீப்பிடித்தால் பெட்டியே வெடிகுண்டாகும். அசல் டப்பா அழுத்தம் வந்ததும் பிளந்துகொள்ளும்படி செய்யப்பட்டது.

கடைசியாகக் கண் சோதனை. மருந்து போட்ட கூடுகளை ஐம்பது குழியுள்ள பலகையில் வரிசையாக நிறுத்தி, குண்டு பொருத்துவதற்கு முன் டார்ச்சை மேலிருந்து சாய்த்துப் பிடியுங்கள். சாம்பல் நிற மருந்து எல்லாக் கூட்டிலும் ஒரே மட்டத்தில் மினுங்க வேண்டும். ஒன்று மேலே நின்றால் இரட்டை அளவு. ஒன்றில் பித்தளை அடி பளபளத்தால் மருந்தே இல்லை. சந்தேகம் வந்தால் அந்த ஒன்றை மட்டும் திருத்தாதீர்கள், அந்த வரிசை முழுவதையும் கொட்டி மறுபடி அளந்து போடுங்கள். இடையில் யாராவது கூப்பிட்டாலோ அழைப்பு மணி அடித்தாலோ, எழுந்து போவதற்கு முன் கையிலிருந்த கூட்டைக் காலி செய்துவிட்டுப் போங்கள்.

மருந்தில்லாத கூடு ஆபத்தில்லை என்று நினைக்க வேண்டாம். பிரைமரின் பலத்தில் மட்டும் குண்டு புறப்பட்டுக் குழலின் பாதியில் சிக்கி நிற்கும். 'டமால்' என்று வர வேண்டிய இடத்தில் 'பொக்' என்று ஒரு மெலிந்த சத்தம் வரும், கையில் உதைப்பும் இருக்காது. அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும், வெடிக்கவும் கூடும். சத்தம் கொஞ்சம் வித்தியாசமாகக் கேட்டதுமே விசையிலிருந்து விரலை எடுங்கள். வாய்ப் பக்கத்தைச் சுடும் திசையிலேயே வைத்துத் தோட்டாக்களை வெளியே எடுங்கள். பிறகு குழலின் நீளத்துக்கு மரக்குச்சி ஒன்றை முன்பக்கமிருந்து விட்டுப் பாருங்கள். அது பின்புறம் வரை தடையில்லாமல் போனால்தான் அடுத்த தோட்டாவுக்கு வழி திறந்திருக்கிறது.